நல்லவரா இருந்துட்டுப் போகட்டும், ரிஜிஸ்டர் எங்க?

கேள்வி: ஷூ கம்பெனியில தையல் லைன்ல இருக்கேன் சார். எங்க மேனேஜர் லஞ்சம் வாங்க மாட்டார், தண்ணி சிகரெட் எதுவும் கெடையாது, ஒரு பொம்பளைய தப்பா பார்த்ததில்ல. ஆனா தெனமும் காலையில எங்கள நிக்க வச்சு ஒழுக்கம் பத்தி லெக்சர். பத்து நிமிஷம் லேட்டானா அரை நாள் சம்பளம் கட், அந்தக் காச கோயில் அன்னதானத்துக்குக் குடுத்துடறார். லேட்டா வந்தவங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கணும். பாத்ரூம் போக லைனுக்கு ஒரே கார்டு. கேட்டா "உங்க நல்லதுக்குத்தான்மா"ன்றார். தனக்குன்னு ஒரு பைசா எடுக்காதவர எப்படி சார் தப்பு சொல்றது?
– பெயர் வேணாம், ஆம்பூர்

பதில்: யாரும்மா எடுக்கல? அரை நாள் சம்பளம் உங்க கையில இருந்து போச்சா இல்லையா? போச்சு. அவர் பாக்கெட்டுக்குப் போகல, அன்னதானத்துக்குப் போச்சு, அவ்ளோதான் வித்தியாசம். கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைக்கிறதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அது இதான். புண்ணியம் அவருக்கு, பட்டினி உங்களுக்கு, ரசீதுல யார் பேர் இருக்குன்னு ஒரு தடவ எட்டிப் பாருங்க.

திருட்டு மேனேஜர் ஒருத்தன் இருந்தான்னு வைங்க, அவனுக்குத் தான் பண்றது தப்புன்னு தெரியும், யாராவது கேட்டுடுவாங்களோன்னு ஒரு பயம் இருந்துகினே இருக்கும், கொஞ்சம் குரல் ஒசத்துனா எறங்கி வருவான். இந்த மாதிரி உத்தமருக்கு அந்தப் பயமே கெடையாது. தான் நல்லவன், அதனால தான் செய்றதெல்லாம் நல்லது, எதுத்துப் பேசறவ ஒழுக்கம் இல்லாதவ, முடிஞ்சுது கணக்கு. மொதலாளிக்கும் இவரத்தான் புடிக்கும், இன்னாத்துக்கு புடிக்காது, செலவில்லாத போலீஸ்காரர் ஆச்சே.

அந்தக் கார்டு விஷயத்துக்கு வர்றேன். கார்டு சூப்பர்வைசர் டேபிள் பக்கத்துல ஆணியில தொங்கும், போனவ திரும்பி வந்து மாட்டுனாதான் அடுத்தவ எழுந்துக்க முடியும், அதுக்குள்ள கன்வேயர்ல ஷூவோட மேல்பாகம், அதான் அப்பர், வந்து குமிஞ்சுடும், டார்கெட் கொறையும், அதுக்கு வேற திட்டு. மாசத்துல அந்த மூணு நாள்ல ஒருத்தி இன்னா பண்ணுவா? அதான் காலையில இருந்து பாதி பேர் தண்ணியே குடிக்கிறது இல்ல, அப்புறம் நீர்க்கடுப்பு, ஊசி, லீவு, அந்த லீவுக்கு இன்னொரு லெக்சர். வேலை நேரம் பூரா தொழிலாளி எப்ப வேணா போற மாதிரி கழிப்பறை இருக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டம் 19வது பிரிவுலயே எழுதி வச்சுட்டாங்க. ஃபாரின் பையர் ஆடிட்டுக்கு வர்ற அன்னிக்கு அந்தக் கார்டு டிராயருக்குள்ள போயிடுதா இல்லையான்னு பாருங்க. போச்சுன்னா அது தப்புன்னு அவருக்கும் தெரியும்.

ஒழுங்குபடுத்தறேன்னு கெளம்புனவங்கள நம்ம வேலூர் கோட்டை நல்லாவே பார்த்திருக்கு. 1806ல சென்னை ராணுவத்தோட தளபதி கிரடாக், சிப்பாய்ங்க பாக்க நீட்டா இருக்கணும்னு நெத்தியில குறி கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடிய எடு, தொப்பி மாதிரி இருக்கிற புதுத் தலைப்பாகைய வைன்னு உத்தரவு போட்டார், மாட்டேன்னவங்களுக்குக் கசையடி. ஜூலை 10ந்தேதி கோட்டையில இன்னா நடந்துதுன்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. அதுக்கப்புறம் உத்தரவு வாபஸ், தளபதியையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன்ல திருப்பிக் கூப்ட்டுகினாங்க. (உடனே ஆசிரியர் கலகம் பண்ணச் சொல்றார்னு யாரும் கெளப்பி விட வேணாம், நான் மனு எழுதத்தான் சொல்லப் போறேன்.)

நீங்க அவர் கெட்டவர்னு நிரூபிக்கப் போகாதீங்க, அதுல தோத்துடுவீங்க, லைன்ல பாதி பேர் "அய்யோ அவர் தங்கமாச்சே"ன்னு வருவாங்க. தங்கமாவே இருக்கட்டும். பத்து நிமிஷம் லேட்டுன்னா பத்து நிமிஷ சம்பளம்தான் புடிக்கலாம், அரை நாள் புடிக்க முடியாது. ஃபைன்னா அது தனிக் கணக்கு. எந்தெந்த தப்புக்கு ஃபைன்னு மொதல்லயே அனுமதி வாங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கணும், போடறதுக்கு முன்னாடி உங்க பக்கத்த கேக்கணும், மாசத்துக்கு மொத்தமா சம்பளத்துல 3 சதவீதத்த தாண்டக் கூடாது, அதாவது 10,000 ரூபா சம்பளம்னா 300 ரூபா, அவ்ளோதான். புடிச்ச ஒவ்வொரு ரூபாயையும் ரிஜிஸ்டர்ல எழுதணும், அந்தப் பணம் தொழிலாளிங்க நலனுக்கு மட்டும்தான் செலவாகணும், மேனேஜர் கும்புடற சாமிக்கு இல்ல. இது வெள்ளக்காரன் காலத்து 1936 சம்பளப் பட்டுவாடா சட்டத்துலயே இருந்துது, 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு வந்த புது ஊதியச் சட்டத்துலயும் அந்த 3 சதவீதம் அப்படியேதான் இருக்கு. எல்லார் முன்னாடியும் நின்னு மன்னிப்பு கேக்கணும்னு ரெண்டுலயும் ஒரு வரி கெடையாது.

தனியா போய் நிக்காதீங்க, தனியா போனா "வாம்மா, ஒக்காரு, வீட்ல எதாச்சும் பிரச்சனையா"ன்னு ஆரம்பிச்சு உங்களையே அழ வச்சு அனுப்பிடுவார். எத்தன பேரா இருந்தாலும் தொழிலாளர் துறையில ஒரே மனுவா குடுக்கலாம், புதுச் சட்டத்துல அதுக்கு மூணு வருஷம் டைம் இருக்கு. சம்பள சிலிப்ப தூக்கிப் போடாம வச்சுக்குங்க, லேட்டான தேதிய ஒரு நோட்ல குறிச்சுக்குங்க. மொதல்ல நாலஞ்சு பேரா போய் அந்த ஃபைன் ரிஜிஸ்டர ஒரு தடவ காட்டுங்க சார்னு மரியாதையாவே கேளுங்க. காட்ட மாட்டேன்னாருன்னா அதையும் மனுவுல ஒரு வரியா சேர்த்துடுங்க.