புளியந்தீவில் இரண்டு கிலோமீட்டர்: கப்பல் பயணிகளை நடத்திக் காட்டுவது பற்றிக் கேட்டவர்களுக்கு

மட்டக்களப்பில் வாவி சூழ்ந்த புளியந்தீவையும் அதை ஒட்டிய இடங்களையும் வெளியூர்ச் சனத்துக்கு நடந்து காட்டுவது என் தொழில். திருகோணமலையில் குரூஸ் கப்பல் நிற்கிற நாட்களில் அதில் வருகிறவர்களில் சிலர் இங்கேயும் வருவார்கள். அதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

திருகோணமலையில் வான் ஓட்டும் ஒரு தம்பி: துறைமுகப் பட்டினம் என்று சொல்கிறீர்கள், கப்பல் ஏன் மட்டக்களப்புக்கு வருவதில்லை அண்ணா?

முகத்துவாரத்தில் மணல் திட்டு தம்பி. வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளம் கிடந்தாலும் ஆழம் குறைவு, கடலோடு சேருகிற வாயும் மாரிக்கு மாரி மாறும். மட்டமான களப்பு என்பதால்தான் மட்டக்களப்பு என்று பேர் வந்ததாக ஊரில் சொல்வார்கள். முந்தி நீராவிக் கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்க, ஆட்களும் சாமானும் தோணியில் உள்ளே வந்தார்கள். பாலமீன்மடுவில் 1913இல் கட்டின வெளிச்சவீடு நிற்கிறதே, அது அந்தக் காலத்துக் கப்பல்களுக்காக எழுப்பினது. இன்றைக்குப் பெரிய கப்பல் நிற்கக் கிழக்கில் இடம் திருகோணமலைதான்.

அதே தம்பி: காலையில் இறங்குகிறவர்களை மட்டக்களப்புக்குக் கூட்டி வந்து பின்னேரம் கப்பலில் ஏற்றிவிடலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வழி 130 கிலோமீட்டருக்கு மேல், கிண்ணியா, வெருகல், வாகரை, ஓட்டமாவடி, ஏறாவூர் என்று வரவேண்டும். வெருகலிலும் கிண்ணியாவிலும் பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடந்த காலம் போய்ப் பாலங்கள் வந்துவிட்டன, இருந்தாலும் மூன்று மணித்தியாலம் ஒதுக்குவதுதான் நியாயம். போகவர ஆறு, நடக்க இரண்டரை, சாப்பாட்டுக்கு ஒன்று. ஆக ஒன்பதரை மணித்தியாலம், அதுவும் ஒரு டயர் கூடக் காற்றுப் போகாமல் இருந்தால். கப்பல் இரவு தங்கினால் தாராளமாக வாருங்கள். காலை ஏழுக்கு வந்து பின்னேரம் ஆறுக்கு வெளிக்கிடுகிற கப்பல் என்றால் என்னிடம் கூட்டி வரவேண்டாம், பிரெட்ரிக் கோட்டையையும் கோணேசர் கோயிலையும் அங்கேயே ஆறுதலாகக் காட்டுங்கள். உழைப்புப் போகிறதே என்று நான் ஒருமுறை ஓம் சொல்லி, எழுபது வயது மனிதர்களைக் கோட்டைக்குள் ஓட்டிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு அவர்கள் கண்டதெல்லாம் தங்கள் கைக்கடிகாரத்தைத்தான்.

கொழும்பிலிருந்து ஒரு அக்கா: எங்கே தொடங்கி எங்கே முடிப்பீர்கள்? பட்டியல் ஒன்று தாருங்கள்.

பட்டியலாகத் தந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்க ஓடுவீர்கள் அக்கா, அதனால் நடக்கிற மாதிரியே சொல்கிறேன். தொடக்கம் காந்தி பூங்காப் பக்கம், வாவிக்கரையில் நிற்கிற மட்டக்களப்பு வாயில். வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி 1814இல் படகால் இறங்கின இடம் அது. வந்து ஒரு வருசத்துக்குள் இந்த மண்ணிலேயே இறந்துபோனார், ஆனால் அவர் தொடங்கின பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. வந்தவர்களை வாவியைப் பார்த்தபடி ஐந்து நிமிசம் பேசாமல் நிற்கவிட்டு அப்புறம்தான் வாய் திறப்பேன், ஏனென்றால் இந்த ஊருக்கு ரோட்டு வழியாக வந்தவர்களுக்கு இது தண்ணீர் வழியாக வரவேண்டிய ஊர் என்பது அந்த இடத்தில்தான் பிடிபடும்.

பிறகு பள்ளிக்கூடங்கள் இருக்கிற பக்கமாக நடப்போம். வின்சென்ட் மகளிர் பாடசாலை 1820, புனித மிக்கேல் கல்லூரி 1873. மிக்கேலுக்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து யேசு சபைக் குருமார் வந்து படிப்பித்தார்கள், எங்கள் பொடியன்களுக்கு இவ்வளவு கூடைப்பந்து பிடித்ததுக்குக் காரணம் அவர்கள்தான். வெபர் மைதானத்தின் பேரும் அவர்களில் ஒருவருடையது. அமெரிக்கக்காரர் குழுவில் இருந்தால் இந்த இடத்தில் கட்டாயம் முகம் மலரும். காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகளும் மிக்கேலில் படித்தவர், அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தெருவைக் கடக்க எனக்கு மனம் வராது. நேரம் இருந்தால் கல்லடி உப்போடையில் அவருடைய சமாதிக்கும் கூட்டிப் போவேன்.

மரியாள் பேராலயம், ஆனைப்பந்திப் பிள்ளையார், கடைசியாகக் கோட்டை. எல்லாம் சேர்த்து இரண்டு கிலோமீட்டர் வரும், அதற்கு மேல் வேண்டாம். பதினைந்து இடம் காட்டினால் பதினைந்து படம் எடுப்பார்கள், ஐந்து இடத்தில் நிற்கவைத்துக் கதைத்தால் அந்த ஐந்தையும் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி: கோட்டையில் என்ன காட்டுவீர்கள்? எனக்கு அது ஒரு பழைய மதிலாகத்தான் தெரிந்தது.

பழைய வாசலுக்கு மேலே பார்த்தீர்களா தங்கச்சி? கல்லில் பெரிய ஒரு வி, அதன் இடது காலில் ஒரு ஓ, வலது காலில் ஒரு சி, மூன்றும் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை அது. மழை முடிந்த கையோடு போனால் பாசி பிடித்துக் கறுத்திருக்கும், காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து எழும்பித் தெரியும். நான் அதைச் சொல்லமாட்டேன், மேலே பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பேன், யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார், அதற்குப் பிறகு கதை தானாக ஓடும்.

கதை இதுதான். கோட்டையை 1628இல் கட்டினது போர்த்துக்கேயர். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி, நாலு மூலையிலும் கொத்தளம். பத்து வருசம்தான் வைத்திருந்தார்கள், 1638 மே மாதம் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். இந்தத் தீவில் ஒல்லாந்தர் கைக்கு முதலில் விழுந்த கோட்டை காலியும் இல்லை, கொழும்பும் இல்லை, எங்களுடையது. அதற்கும் முன்னம், 1602 மே 31இல் ஸ்பில்பெர்கன் என்ற ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்பில் இறங்கித்தான் கண்டி அரசனைப் பார்க்க மலையேறிப் போனார். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அப்புறம் நீண்ட காலம் கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகம் உள்ளே நடந்தது, அதனால் ஊர்ச்சனத்துக்குக் கோட்டை என்றால் பென்சனும் காணி உறுதியும் ஞாபகம் வரும். அதையும் சொல்லுங்கள். நானூறு வருசக் கட்டடத்துக்குள் உங்கள் அப்பா வரிசையில் நின்ற கதை வெள்ளைக்காரருக்கு பீரங்கியை விடக் கிட்டவாக இருக்கும்.

சென்னையிலிருந்து ஒரு நண்பர்: மட்டக்களப்பை மீன் பாடும் ஊர் என்கிறார்களே, மீன் உண்மையிலேயே பாடுமா?

சத்தம் உண்மை. நிலா வெளிச்சம் உள்ள இரவில், தண்ணீர் அடங்கிக் கிடக்கிற சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும், கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியில் போய்ச் சவள் என்கிற துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மேல் நுனியைக் காதோடு வைத்தால் கேட்கும். 1848இல் எமர்சன் டென்னன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி கேட்டுவிட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற மாதிரி என்று எழுதிவைத்தார். அவருக்கு அன்றைய மீன்பிடிகாரர் சொன்னது மீன் இல்லை, ஊரி என்கிற சிப்பி அழுகிறது என்றுதான். பகலில் வருகிற கப்பல்காரருக்கு இது கிடைக்காது, கிடைக்கும் என்று ஆசை காட்டவும் கூடாது. பாலத்தைக் காட்டலாம். 1924இல் கட்டின இரும்புப் பாலம், ஆள்பதி மானிங்கின் மனைவி பேரில் லேடி மானிங் பாலம். பக்கத்தில் புதுப் பாலம் 2013இல் திறந்தது.

லண்டனில் இருக்கும் ஒரு அண்ணா: சண்டை, சுனாமி, குண்டுவெடிப்பு எல்லாம் உல்லாசமாக வந்தவர்களுக்கு எதற்கு? ஊர் பேர் கெட்டுப்போகாதா?

உங்கள் கவலை விளங்குகிறது அண்ணா. நானாக நீட்டி முழக்குவதில்லை, ஆனால் கேட்டால் மறைப்பதும் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் ஞாயிறுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் குண்டுவெடிப்பில் இறந்துபோனார்கள். அந்த வழியால் போகும்போது குரலைத் தாழ்த்தி ஒரு வசனம் சொல்வேன், படம் எடுக்கவேண்டாம் என்பேன், நடப்போம். கடற்கரையோர டச்பாரில் 2004 சுனாமி, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்களை அள்ளிக்கொண்டு போனது. அதைச் சொல்லாமல், அவர்கள் இன்னும் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுகிறார்கள், கலியாண வீட்டில் கப்ரிஞ்ஞா ஆடுகிறார்கள் என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. ஒன்று மட்டும் கவனம்: யார் வீட்டு வாசலுக்கும் கேட்காமல் ஆட்களைக் கூட்டிப் போகாதீர்கள், துயரப்பட்டவர்களைக் காட்சியாக வைக்காதீர்கள்.

அதே அண்ணா: ஹெர்மிஸ் கப்பலைப் பற்றி ஆங்கிலேயர் கேட்பார்களா?

வயதானவர்கள் கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல், 307 பேர் இறந்தார்கள், இன்றும் கல்லடிக்கு நேரே கடலடியில் கிடக்கிறது. ஒருமுறை ஒரு பெரியவர் தன் சின்னையா அதில் இருந்தவர் என்று சொன்னார். நடையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்து அவரைக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். எந்தப் பக்கம் என்று கேட்டார், கை காட்டினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். கோட்டை பார்க்கவில்லையே என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

காத்தான்குடியிலிருந்து ஒரு நானா: எந்த மாதம் நல்லது? சாப்பாட்டுக்கு எங்கே?

குரூஸ் கப்பல்கள் கூடுதலாக வருவது குளிர்காலத்தில், எங்களுக்கோ கார்த்திகை, மார்கழியில் மழையும் வெள்ளமும். மாசி, பங்குனிதான் இரண்டும் பொருந்துகிற காலம் நானா. சாப்பாட்டுக்குக் கடைப் பேர் சொல்லமாட்டேன், சோறும் வாவி இறாலும் நண்டும் சமைக்கிற வீடு ஒன்றோடு முதல் நாளே பேசிவையுங்கள், உறைப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், கடைசியில் சட்டியோடு எருமைத் தயிர். கழிப்பறை எங்கே என்பதை நடையைத் தொடங்கும் முன்னமே பார்த்துவைக்கவேண்டும், வயதானவர்கள் கேட்க வெட்கப்படுவார்கள். உங்கள் ஊர் நூதனசாலையையும் நேரமுள்ள குழுவுக்கு நான் காட்டுவதுண்டு.

கல்முனைத் தங்கச்சி மறுபடி: நானும் வழிகாட்டியாக வரலாமா? பெண் பிள்ளை தனியாகச் செய்யலாமா?

கட்டாயம் வாருங்கள், ஆள் காணாது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் எடுக்கவேண்டும், நாடு முழுக்கக் காட்டுகிறவர்களுக்கு ஒன்று, ஒரு பிரதேசத்துக்கு மட்டும் ஒன்று என்று வகை இருக்கிறது, பிரதேச உரிமத்தில் தொடங்குவது உங்களுக்கு லேசு. அதுவரைக்கும் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு கல்முனையில் நடந்து பாருங்கள். எந்த இடத்தில் அவர் நின்று கதை சொல்கிறாரோ அதைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள், மருதமுனைத் தறியா, வைகாசிக் கண்ணகி அம்மன் குளிர்த்தியா, எதுவென்றாலும். எட்டுப் பேருக்கு மேல் ஒரு குழுவில் எடுக்கவேண்டாம், எட்டைத் தாண்டினால் பின்னால் நிற்கிறவருக்கு உங்கள் குரல் போகாது. முதல் இரண்டு மூன்று நடைக்கு என்னோடு வாருங்கள், பின்வரிசையில் நின்று யார் களைக்கிறார்கள் என்று பார்த்துச் சொன்னால் எனக்கும் உதவி.

அதே தங்கச்சி: அங்கிளுக்கு எத்தனை மணிக்கு வந்தால் சரி?

காலை ஆறரை, காந்தி பூங்கா, மணிக்கூட்டுக் கோபுரத்தடி. செருப்பு பழசாக இருக்கட்டும், தண்ணீர்ப் போத்தல் இரண்டு கொண்டு வாருங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று மறந்துவிட்டு வருகிறவருக்கு.