உலையும் மரமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நானே உலையில் அடித்துச் செய்த முதல் கத்தி இது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அலகு, இருபுறமும் வேப்பம்பலகை வைத்துப் பிடி. நான்கே மாதத்தில் பிடியில் வெடிப்பு விட்டுவிட்டது. உள்ளே இருந்த இரும்பின் விளிம்பு உள்ளங்கையில் உரசுகிறது. எங்கே தவறினேன்?

பதில்: இரும்பு அப்படியேதான் இருக்கிறது, மரம்தான் சுருங்கியிருக்கிறது. வெட்டி எத்தனை நாளான மரம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் விளிம்பு உரசுகிறது என்றாலே, ஈரம் காயாத மரம் என்று தெரிகிறது. மரம் காயும்போது ரேகையின் நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. குறுக்குவாக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடக் குறையும். 30 மில்லிமீட்டர் அகலப் பிடி ஒன்றரை மில்லிமீட்டர் இளைத்தால் போதும், இரும்பு வெளியே தலைகாட்டும்.

என் முதல் கத்தியிலும் இதுவே நடந்தது. பச்சை மரம் உளிக்குச் சுலபமாக இணங்கும், அந்தச் சுகத்தில் அவசரப்பட்டேன். இப்போது பலகையைப் பிடிக்கு வேண்டியதைவிடச் சற்றுத் தடிமனாக அறுத்து, இரண்டு வெட்டுமுனைகளிலும் மெழுகு தடவி, நிழலில் காற்றோட்டமாக வைக்கிறேன். வாரம் ஒருமுறை எடை போட்டு, அந்த எண்ணைப் பலகையின் மேலேயே பென்சிலால் எழுதுவேன். மூன்று வாரம் எடை இறங்காமல் நின்றால் மரம் தயார். ஒரு பலகையில் 19 எண்கள் வரிசையாக இருந்தன; இழைத்து அழிக்கவே மனம் வரவில்லை.

வைரம் பாய்ந்த நடுமரமாக எடுங்கள். ஆணித்துளை ஆணியைவிட ஒரு மயிரிழை அகலமாக இருக்கட்டும், மீதியை எபாக்சிப் பசை பார்த்துக்கொள்ளும். ஆணியை அடித்து இறுக்கினால் அங்கிருந்துதான் வெடிப்பு ஓடும். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் பூசுகிறீர்களா? துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், இதில் அலட்சியமே கூடாது.

இப்போதுள்ள பிடிக்கு ஒட்டுப்போட வேண்டாம். ஆணிகளைத் துளைத்தெடுத்துவிட்டுப் புதுப் பலகை வையுங்கள். தீயில் காட்டிக் கழற்றினால் அலகின் பதம் போய்விடும்.

கேள்வி: சூடேற்றி எண்ணெயில் தோய்த்த அலகு, கைதவறிக் கீழே விழுந்ததும் கண்ணாடி போல இரண்டாகிவிட்டது. எஃகு மட்டமா?

பதில்: அந்த முடிவுக்கு அதற்குள் வராதீர்கள். தோய்த்தெடுத்த எஃகு மிகவும் கடினம், அதனாலேயே நொறுங்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இன்னொரு முறையும் அப்படியே செய்ய வேண்டும். பதம் இறக்குவது என்பது இதுதான். தேய்த்துச் சுத்தம் செய்த இடத்தில் வைக்கோல் நிறம் தெரியும். நீலம் ஏறிவிட்டால் கத்தி முனைக்கு அது அதிகம்.

உடைந்த துண்டைத் தூக்கிப் போடாமல், முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தால் உங்கள் சூடு சரி, பதம் இறக்காததுதான் குறை. கல்லுப்பு போல மணிமணியாக மின்னினால் உலையிலேயே சூடு மிஞ்சியிருக்கிறது. நிறத்தை மட்டும் நம்பாமல் காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்தில் ஒட்டாது. அதைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஏற்ற வேண்டும், உடனே எண்ணெய்க்குள் இறக்கிவிடுங்கள்.