ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது, மூளைக்குப் போகவில்லை

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. காலையில் எழுந்ததும் தள்ளாடுவாள், சில நாள் வலிப்பும் வரும். மாமியார் இரண்டு ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் சற்று நேரத்தில் தெளிந்துவிடுவாள். ரத்த சர்க்கரை 92, நார்மல்தான். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் மட்டும் 33. இது ‘குளூட்1 குறைபாடு’, சோறு, இட்லி, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கீட்டோஜெனிக் உணவு (கொழுப்பு மிக அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவு) கொடுங்கள் என்கிறார்கள். சர்க்கரை கொடுத்தால் தெளிகிற குழந்தைக்குச் சர்க்கரையை நிறுத்துவது சரியா?

பதில்: உங்கள் குழப்பம் நியாயமானது. மாமியார் கவனித்ததும் தவறில்லை. சாப்பிடும் முன் மோசமாகி, சாப்பிட்டதும் தெளிவது இந்த நோயில் அடிக்கடி காணும் அடையாளம்.

மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரைச் சர்க்கரை தானாகக் கடக்க முடியாது. அதற்கென்று அந்தச் சுவரில் குளூட்1 என்ற புரதம் வாசல் மாதிரி பதிந்திருக்கிறது. இது பம்பு அல்ல. இந்தப் பக்கம் சர்க்கரை அதிகமாக இருந்தால் அந்தப் பக்கம் விடும், அவ்வளவுதான். இதைச் செய்யும் மரபணு நம் எல்லோருக்கும் இரண்டு பிரதி. உங்கள் மகளுக்கு அதில் ஒன்று பழுது என்றால், கிட்டத்தட்ட பாதி வாசல்தான் இருக்கும். முதுகில் எடுப்பது மூளையைச் சூழ்ந்திருக்கும் அதே நீர்தான். சாதாரணமாக இந்த முதுகு நீரில் உள்ள சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் 60 சதவீதம் அளவில் இருக்கும். இவளுக்கு 36 தான். குழந்தை நரம்பியல் மருத்துவர் டாரில் டி விவோவும் அவருடைய சகாக்களும் 1991ல் இந்த நோயை முதலில் விவரித்தபோது அவர்களுக்குத் துப்புக் கொடுத்ததும் இதே வித்தியாசம்தான்.

இரவு முழுக்கச் சாப்பிடாமல் ரத்த சர்க்கரை கொஞ்சம் இறங்கினாலே பாதி வாசல் போதாமல் போகிறது. சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் ஏறுகிறது, உள்ளேயும் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது, குழந்தை தெளிகிறாள். அப்புறம்? ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பழைய கதை. நாள் முழுக்க ரத்த சர்க்கரையை ஏற்றியே வைத்திருக்க உடம்பு விடாது, விடவும் கூடாது.

இன்னொன்று. நரம்பு செல்களின் மேல் இருப்பது குளூட்3 என்ற வேறு வாசல். குறைந்த சர்க்கரையிலும் பிடித்து இழுத்துக்கொள்ளும் கெட்டிக்கார வாசல் அது. உங்கள் மகளுக்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் சர்க்கரை ரத்தக் குழாய்ச் சுவரைத் தாண்டி வந்தால்தானே அது பிடித்து இழுக்க? இவள் வயதில் மூளையின் பசி வேறு உச்சத்தில் இருக்கும். அதனால்தான் டாக்டர்கள் அவசரப்படுகிறார்கள்.

மூளை எரிக்கக்கூடிய இன்னொரு எரிபொருள் கீட்டோன். கொழுப்பு கரையும்போது கல்லீரல் அதைச் செய்கிறது. அது எம்சிடி1 என்ற தனி வாசல் வழியாகப் போகும், அந்த வாசல் இவளுக்குப் பழுதில்லை. (கடையில் விற்கும் எம்சிடி எண்ணெய்க்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. அது ஒரு வகைக் கொழுப்பு.) ஆனால் மாவுச்சத்து உள்ளே வந்தால் கல்லீரல் கீட்டோன் செய்வதைக் குறைத்துவிடும். ஒரு இட்லியிலேயே எட்டு, பத்து கிராம் மாவுச்சத்து. இவளுக்கு நாள் முழுவதற்கும் அனுமதிப்பது அதற்குச் சற்று மேலேதான் இருக்கும். சர்க்கரைத் தண்ணீரை நிறுத்தச் சொல்வது அதற்காகத்தான்.

ஆனால் வீட்டிலேயே பார்த்து ஆரம்பித்துவிடாதீர்கள். கொழுப்பை எரிக்க முடியாத சில பிறவிக் கோளாறுகள் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகுதான் தொடங்க வேண்டும். முதல் சில நாள் ரத்த சர்க்கரை சட்டென்று இறங்கலாம், ஆகவே மருத்துவர் கண்காணிப்பு தேவை. சைவமாக இருந்தாலும் நெய், வெண்ணெய், பன்னீர், தேங்காய் எண்ணெய் வைத்துச் சமாளிக்கலாம். டயட்டீஷியன் கிராம் கணக்கில் எழுதித் தருவார், அதை எடைத் தராசில் அளந்தே கொடுங்கள்.

நான் பார்த்தவரை பெற்றோர் தட்டில் கோட்டை விடுவதில்லை, மருந்தில் விடுகிறார்கள். இருமல், காய்ச்சல் சிரப்புகளில் சர்க்கரை இருக்கும். ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டிருந்தாலும் சார்பிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம், அதுவும் மாவுச்சத்துக் கணக்கில் வரும், மாத்திரையாகக் கேளுங்கள். வாந்தி என்று போனால் பழக்கத்தில் குளுக்கோஸ் டிரிப்ஸ் மாட்டிவிடுவார்கள். ‘கீட்டோஜெனிக் உணவில் இருக்கிறாள், ரத்த சர்க்கரை குறைந்திருந்தால் ஒழிய குளுக்கோஸ் வேண்டாம், வெறும் சலைன் போதும்’ என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிப் பையிலேயே வையுங்கள். அப்புறம் காபி. தாத்தா டம்ளரிலிருந்து ஒரு வாய் கூட வேண்டாம். இருக்கிற பாதி வாசலையும் காஃபீன் தடுக்கும். டீ, கோலா, சாக்லேட்டும் அப்படியே. வலிப்பு மருந்துகளில் பினோபார்பிட்டோன், வால்ப்ரோயேட் இரண்டும் இதே வாசலைத் தடுக்கக்கூடியவை. கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல், மாற்ற முடியுமா என்று கேளுங்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கூடும். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், சர்க்கரைத் தண்ணீரும்தான்.

எத்தனை வருடம் என்று கேட்பீர்கள். பருவ வயது தாண்டும் வரையாவது. இடையில் சிறுநீரகக் கல், கொழுப்பு அளவு, வளர்த்தி இவற்றைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், வைட்டமினும் கால்சியமும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

மரபணு ரிப்போர்ட் வரட்டும் என்று உணவைத் தள்ளிப்போட வேண்டாம். அறிகுறியும் முதுகு நீரும் இவ்வளவு பொருந்தியும் சிலருக்கு அந்த ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு. பெரும்பாலும் இது குழந்தையிடம் புதிதாக வரும் மாற்றம், யார் வீட்டு வழியிலும் வந்ததல்ல. ஆனாலும் அடுத்த குழந்தை யோசிக்கும் முன் நீங்கள் இருவரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.