ராணுவ அதிகாரியாக இருந்த பெண் அரசியலுக்கு வந்தால் அந்தச் சீருடை ஓட்டு வாங்கித் தருமா?

கேள்வியில் எந்த நாடு என்று இல்லை. நான் சிகாகோவுக்கு வடமேற்கே ஷாம்பர்க்கில் குடியிருக்கிறேன். அதனால் எங்கள் பக்கத்து ஆளை வைத்தே பதில் சொல்கிறேன்: டாமி டக்வொர்த். இல்லினாய் மாநிலத்தின் செனட்டர். அதற்கு முன்னால் எங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அதற்கும் முன்னால் ஈராக்கில் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஓட்டி, அங்கேயே இரண்டு காலையும் இழந்தவர்.

என் கணிப்பு இது: சீருடை கட்சியில் நிற்கச் சீட்டு வாங்கித் தரும், ஓட்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஆனால் 2012இல் நான் இப்படிப் பேசவில்லை, நேர்மாறாகப் பேசினேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் அமெரிக்கா வந்தது 2011இல். அடுத்த மார்ச்சில் எங்கள் எட்டாம் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் ஓட்டெடுப்பு. ஒரு பக்கம் டக்வொர்த், இன்னொரு பக்கம் ராஜா கிருஷ்ணமூர்த்தி. ராஜா டெல்லியில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்து, இதே மாநிலத்தின் பியோரியாவில் வளர்ந்தவர். தமிழ்க் குடும்பம். அப்புறம் என்ன, எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் அவர் ‘நம்ம பையன்’. முடிவு வந்தபோது டக்வொர்த்துக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. அந்த வாரக் கடைசியில் ஒரு வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. கையில் தயிர்சாதத் தட்டோடு நான் ஒரு வசனம் பேசினேன்: “கால் போனதுக்கு அனுதாப ஓட்டு, வேற என்ன?”

எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் பல வருடம் நர்ஸாக இருந்தவர், ஸ்பூனைக் கீழே வைத்தார். “தம்பி, அந்தம்மா 2006லயே கால் இல்லாமத்தான் நின்னாங்க. அனுதாபம்னா அப்பவே ஜெயிச்சிருக்கணுமே?”

பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

டக்வொர்த் 1968இல் பாங்காக்கில் பிறந்தவர். அம்மா தாய்லாந்துக்காரர், சீன வம்சாவளி. அப்பா அமெரிக்கர், ராணுவத்தில் இருந்தவர். டக்வொர்த்துக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது குடும்பம் ஹவாய்க்கு வந்து சேர்ந்தது. கையில் காசில்லை. அரசாங்க உணவுக் கூப்பனில் சாப்பாடு. பள்ளி விட்டதும் சாலையோரத்தில் வாளியில் ரோஜா வைத்து விற்றிருக்கிறார். (ராஜாவின் குடும்பமும் ஒரு காலத்தில் இதே கூப்பனில் வாழ்ந்ததுதான். எதிரெதிரே நின்ற இருவருக்கும் ஒரே ரேஷன்.) வாஷிங்டனில் முதுகலை படிக்கும்போது அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்து, 1992இல் ரிசர்வ் படையில் அதிகாரியானார். அந்தக் காலத்தில் பெண்களைப் போர்க்களத்துக்கு அருகே விட்ட வேலைகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று என்பதால்தான் ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுத்தார்.

அப்புறம் இல்லினாய் நேஷனல் கார்ட். நம் ஊரில் இதற்குச் சரியான நிகர் இல்லை, பிராந்திய ராணுவம் ஓரளவு பக்கத்தில் வரும். மாதம் ஒரு சனி ஞாயிறு பயிற்சி, வருடத்தில் இரண்டு வாரம் முகாம், மீதி நாளெல்லாம் சொந்த வேலை. டக்வொர்த் எவன்ஸ்டனில் ரோட்டரி சங்கத்தின் தலைமையகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, முனைவர் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தார். 2004இல் ஈராக்குக்குப் புறப்படச் சொல்லி உத்தரவு வந்தது.

அந்த வருடம் நவம்பர் 12. அன்றைய பறத்தல் முடிந்து தளத்துக்குத் திரும்பும் வழியில், பாக்தாதுக்கு வடக்கே, கீழேயிருந்து ஏவிய ஒரு ராக்கெட் குண்டு அவர் காலடியில் வெடித்தது. வலது கால் இடுப்புவரை போயிற்று, இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று, வலது கையும் சிதைந்தது. நினைவு தப்பும் வரை ஹெலிகாப்டரை இறக்கத்தான் முயன்றுகொண்டிருந்தார். மிதிகட்டையை மிதித்துப் பார்க்கிறார், அது அசையவில்லை. மிதிக்கக் கால் இல்லை என்பது அப்போது அவருக்குத் தெரியாது. வண்டியைத் தரையிறக்கியது கூட ஓட்டிய டான் மில்பெர்க். அவரும் மற்றவர்களும் டக்வொர்த் இறந்துவிட்டார் என்று நினைத்துத்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். இன்றைக்கும் அந்தத் தேதியை ‘உயிர் பிழைத்த நாள்’ என்று கொண்டாடுகிறார்.

அரசியல் ஆரம்பித்தது வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையின் வார்டில். 2005இல் அதிபரின் வருடாந்திர உரையைக் கேட்க, தன் மாநிலத்தைச் சேர்ந்த காயம்பட்ட வீரர்களை செனட்டர் டிக் டர்பின் அழைத்தார். டக்வொர்த் சக்கர நாற்காலியில் போனார். ஏதாவது தேவையென்றால் கூப்பிடுங்கள் என்று டர்பின் போன் நம்பர் கொடுத்தார். பொதுவாக இதெல்லாம் மரியாதைக்குக் கொடுப்பது. இந்த அம்மா நிஜமாகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். தனக்காக இல்லை, பக்கத்துப் படுக்கைக்காரர்களின் குறைகளுக்காக. கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் டர்பினே தேர்தலில் நிற்கச் சொன்னார்.

2006, ஆறாம் தொகுதி. பல வருடம் குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த இடம். உட்கட்சித் தேர்தலிலேயே தட்டுத் தடுமாறித்தான் ஜெயித்தார். பொதுத் தேர்தலில் பீட்டர் ராஸ்கமிடம் சுமார் 4,800 ஓட்டில் தோற்றார். அது நாடு முழுக்க ஜனநாயகக் கட்சிக்கு அலை அடித்த வருடம் என்பதைக் கவனியுங்கள். காயம் ஆறி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, டிவி முழுக்க அவர் முகம், கட்சியும் பணமும் பின்னால் நிற்கிறது. அனுதாப அலை என்று ஒன்று அடிப்பதாக இருந்தால் அன்றைக்கு அடித்திருக்க வேண்டும். அக்கா சொன்ன கணக்கு சரி.

இதற்கப்புறம் வரும் ஐந்து வருடத்தைப் பெரும்பாலான கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடும். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தோற்ற கையோடு மாநில முன்னாள் படைவீரர் நலத்துறையின் இயக்குநர். 2009இல் ஒபாமா ஆட்சியில் மத்திய அரசின் அதே துறையில் உதவிச் செயலாளர், 2011 வரை. கேமரா வராத வேலை. எந்தப் படிவம் எந்த மேசையில் தூங்குகிறது, தலையில் அடிபட்டு வந்தவருக்கு எந்தப் பரிசோதனை விடுபட்டுப் போகிறது, வேலை கொடுக்கும் முதலாளிக்கு என்ன வரிச்சலுகை கொடுத்தால் படைவீரரைச் சேர்த்துக்கொள்வார் என்ற மாதிரி விஷயங்கள். எல்லாம் பூச்செண்டு இல்லை. மாநிலத் துறையில் இருந்தபோது இரண்டு ஊழியர்கள் அவர்மீது போட்ட வழக்கு 2016 வரை இழுத்து, சமரசத்தில் முடிந்தது. எதிர்க்கட்சி அதை விளம்பரத்தில் போடாமல் விடுமா?

2012இல் வென்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தொகுதி மறுவரையறை நடந்திருந்தது, கோடு போட்டது அவருடைய கட்சி. எட்டாம் தொகுதி அவர்களுக்குச் சாதகமான தொகுதியாகிவிட்டது. அது போதாதென்று எதிரே நின்ற ஜோ வால்ஷ் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். உண்மையான வீரர்கள் தங்கள் சேவையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், இவரோ வேறெதையும் பேசுவதில்லை என்கிற தொனியில் ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டார். நானும் பாட்லக்கில் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னேன், என்னை யாரும் படம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வால்ஷ் சுமார் பத்து சதவீத வித்தியாசத்தில் தோற்றார்.

சரி, ஓட்டுக்கு உதவாவிட்டால் ராணுவ அனுபவம் எதற்குத்தான் உதவுகிறது? 2013 ஜூனில் பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்று நடத்திய விசாரணையின் வீடியோவைத் தேடிப் பாருங்கள். வருமான வரித்துறையிடம் பெரிய ஒப்பந்தங்கள் பிடித்த ஒரு கணினி நிறுவனத்தின் முதலாளி குழுவின் முன் உட்கார்ந்திருக்கிறார். ‘சேவையில் ஊனமுற்ற படைவீரர்’ என்ற சலுகையைக் காட்டி ஒப்பந்தத்துக்கு முந்தியவர். அவருக்கு என்ன ஊனம்? 1984இல் ராணுவ ஆயத்தப் பள்ளியில் படிக்கும்போது கணுக்கால் சுளுக்கியதாம். அதன் பிறகு கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியிருக்கிறார். அரசாங்கம் அவருக்குக் கொடுத்த ஊன மதிப்பீடு 30 சதவீதம்.

டக்வொர்த் குரலை உயர்த்தவில்லை. கால் வலிக்கிறதா என்று விசாரிக்கிறார். எனக்கும் பாதம் எரிகிறது, இந்த நிமிஷம் வலது குதிகாலில் ஆணி அடிப்பது போல இருக்கிறது என்கிறார். இல்லாத குதிகால். அப்புறம் தன் வலது கையைப் பற்றிச் சொல்கிறார்: கிட்டத்தட்ட இழந்து, மருத்துவர்கள் ஒட்டிக் காப்பாற்றிய கை, அதற்கு மதிப்பீடு 20 சதவீதம். எதிரே இருக்கிறவர் மேசையைப் பார்க்கிறார்.

அந்தக் கேள்வியை இன்னொரு உறுப்பினரும் கேட்டிருக்கலாம். ஆனால் 20, 30 என்ற எண்களுக்கு என்ன அர்த்தம் என்று உடம்பாலும் தெரிந்து, கோப்பாலும் தெரிந்தவர் அந்த அறையில் அவர்தான். கோப்பு வேலை செய்யாமல் வெறும் வீராங்கனையாக மட்டும் வந்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

2016இல் செனட்டுக்கு நின்றார். எதிரே மார்க் கிர்க், அவரும் கடற்படை ரிசர்வ் அதிகாரியாக இருந்தவர். ஒரு விவாதத்தில் டக்வொர்த் தன் அப்பா வழிக் குடும்பம் அமெரிக்கப் புரட்சிக் காலத்திலிருந்தே ராணுவத்தில் சேவை செய்கிறது என்றார். உடனே கிர்க், உங்கள் பெற்றோர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சேவை செய்யத் தாய்லாந்திலிருந்து வந்ததை மறந்தே போனேன் என்று நக்கலடித்தார். நான் அதை நேரலையில் பார்த்தேன். “நீங்க ஒரிஜினலா எந்த ஊரு?” என்ற கேள்வியை வாரம் ஒருமுறை சந்திக்கிறவனுக்கு அது சோபாவில் உட்கார்ந்திருந்தபோதே சுருக்கென்றது. இரண்டு காலைக் கொடுத்தவரையே கேட்கிறார்கள், கம்ப்யூட்டர் தட்டுகிற நான் எம்மாத்திரம்? கிர்க் மறுநாள் மன்னிப்புக் கேட்டார், தேர்தலில் தோற்றார். காலியான எட்டாம் தொகுதிக்கு யார் வந்தது தெரியுமா? ராஜா கிருஷ்ணமூர்த்தி. நம்ம பையன் நான்கு வருடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்.

2018 ஏப்ரலில் டக்வொர்த்துக்கு இரண்டாவது பெண் குழந்தை. பதவியில் இருக்கும்போது பிள்ளை பெற்ற முதல் செனட்டர். ஓட்டுப் போட உறுப்பினர் நேரில் வந்தாக வேண்டும், ஆனால் குழந்தையை அவைக்குள் கொண்டுவர விதி இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை அனுமதிக்கலாம் என்று விதியை மாற்ற வைத்தார். பத்துக் குழந்தைகள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மூத்த உறுப்பினர் கவலைப்பட்டாராம். பிறந்த பத்தாம் நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் போய் ஓட்டுப் போட்டார். அவையின் உடை விதியை மீறக் கூடாதென்று குழந்தைக்கும் ஒரு ஜாக்கெட் எடுத்து வைத்ததாகக் கிண்டல் வேறு. அதே வருடம்தான் விமான நிறுவனங்கள் எத்தனை சக்கர நாற்காலிகளை உடைத்தன என்று மாதாமாதம் கணக்குக் காட்டும் விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னாலும் அவர் இருந்தார். அது செய்தியில் பெரிதாக வரவில்லை.

இவர் ஒருவரை வைத்துப் பொதுவாகச் சொல்லிவிடலாமா என்று கேட்டால், மற்றவர்களையும் பாருங்கள். மார்த்தா மெக்சாலி போர்க்களத்தில் போர் விமானம் ஓட்டிய முதல் அமெரிக்கப் பெண், கர்னல். அரிசோனாவில் 2018, 2020 இரண்டு செனட் தேர்தலிலும் தோற்றார். ஏமி மெக்ராத், மரைன் போர் விமானி, கென்டக்கியில் பணத்தைக் கொட்டியும் 2020இல் கிட்டத்தட்ட 20 சதவீத வித்தியாசத்தில் தோல்வி. நேஷனல் கார்ட் அதிகாரி ஜோனி எர்ன்ஸ்ட் 2014இல் அயோவாவில் வென்றார். ஆனால் அவரை ஊருக்கெல்லாம் தெரிய வைத்த விளம்பரத்தில் முக்கியமாகப் பேசியது பண்ணையில் பன்றிக்குக் காயடித்த கதை.

இந்தியாவோடு ஒப்பிட நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. நம் ராணுவத்தில் பணியில் இருப்பவர் கட்சிக் கூட்டத்துக்கே போகக் கூடாது, வெளியே வந்த பிறகுதான் எல்லாம். டக்வொர்த்தோ 2006இல் நின்றபோதும் நேஷனல் கார்டில் இருந்தார், 2013இல் சபைக்குப் போன பிறகும் இருந்தார். லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றது 2014இல். ‘ராணுவத்தை விட்டு அரசியலுக்கு வந்தவர்’ என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கடைசியாக, நீங்கள் அவருக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று கருத்துப் பகுதியில் யாராவது கேட்பீர்கள். எனக்கு ஓட்டு இல்லை, இன்னும் பச்சை அட்டை வரிசையில்தான் நிற்கிறேன். எங்கள் வீட்டில் பிறப்பால் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள் என் மகள் ஒருத்திதான், அவளும் 2018இல் பிறந்தவள். 2036 நவம்பரில் போடுவாள். அதுவரை நான் தயிர்சாதத் தட்டை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதாக உத்தேசம்.