படகு மோட்டருக்கு எந்த வயர், எந்த பிரேக்கர்?

கேள்வி: என் சிறிய படகின் பின்பக்கம் 12 வோல்ட் மின்மோட்டர் இருக்கிறது. முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. எடை சமமாக இருக்கட்டும் என்று பேட்டரியை முன்பக்கம் வைத்தேன். இடையில் 4 மீட்டர். வீட்டு வேலையில் மிஞ்சிய 6 சதுர மி.மீ. வயரையும், வீட்டில் போடும் 63 ஆம்பியர் எம்சிபி (சிறிய பிரேக்கர்) ஒன்றையும் பயன்படுத்தினேன். எம்சிபி மோட்டர் பக்கத்தில் இருக்கிறது. சிறிது நேரம் ஓட்டினால் வயர் சூடாகிறது, வேகமும் குறைகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: வயரை மாற்றும்வரை படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள். வயர் சூடாவதற்கும் வேகம் குறைவதற்கும் காரணம் ஒன்றுதான்.

நீங்கள் 4 மீட்டர் என்கிறீர்கள். ஆனால் மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமே, எனவே கணக்குக்கு 8 மீட்டர். பலர் தவறவிடும் இடம் இது. ஒரு சதுர மி.மீ. பருமனுள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0175 ஓம் தடை உண்டு. அதை 8-ஆல் பெருக்கி, 6-ஆல் வகுத்து, 50 ஆம்பியரால் பெருக்கினால் 1.17 வோல்ட் வருகிறது. 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட பத்து சதவீதம் வழியிலேயே போய்விடுகிறது. அதாவது 58 வாட், ஒரு சாலிடரிங் அயர்ன் அளவு வெப்பம், உங்கள் வயர் நெடுகப் பரவுகிறது.

முக்கியமான இணைப்புகளில் இந்த இழப்பு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது படகு மின்வேலையில் பொதுவாகப் பின்பற்றும் அளவு. 12 வோல்ட்டுக்கு அது 0.36 வோல்ட். 16 சதுர மி.மீ. போட்டால் 0.44 வோல்ட் இழப்பு, சற்றே அதிகம். 25 போட்டால் 0.28, நிம்மதி. இன்னொரு வழியும் உண்டு: பேட்டரியை மோட்டரிலிருந்து 2 மீட்டருக்குள் கொண்டுவர முடிந்தால் 16-லேயே 0.22 வோல்ட்டில் முடிந்துவிடும். எடையைச் சமப்படுத்த வேறு சாமானை முன்னால் நகர்த்த முடியுமா என்று முதலில் பாருங்கள். தடித்த வயர் வாங்குவதைவிட நான் அதைத்தான் செய்வேன்.

வயர் வாங்கும்போது மெல்லிய இழைகள் நிறைந்த, வெள்ளீயம் பூசிய செம்பு வயராகக் கேளுங்கள். ஒற்றைக் கம்பியும் தடித்த இழை வயரும் படகின் அதிர்வில் நாளடைவில் ஒடியும். பூசாத செம்பில் ஈரம் இன்சுலேஷனுக்குள் ஊர்ந்து போய்ப் பச்சையாகக் களிம்பேற்றிவிடும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயர் வேண்டவே வேண்டாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் தடை அதிகம், ஈரத்தில் சீக்கிரம் அரித்துப்போகும்.

சரி, பிரேக்கருக்கு வருவோம். 50 ஆம்பியர் மோட்டருக்கு 60 ஆம்பியர் பிரேக்கர் பொருத்தம். அதனால் 63 என்ற அளவில் பெரிய பிழை இல்லை. வகையும் இடமும்தான் பிழை.

பிரேக்கர் காப்பது வயரை. மோட்டர் அதற்கு அடுத்ததுதான். விசிறியில் பாசி சுற்றிக்கொண்டு மோட்டர் நின்றுவிட்டால் மின்னோட்டம் பல மடங்கு ஏறும். அப்போது வயர் வேகும் முன் பிரேக்கர் விழ வேண்டும். 6 சதுர மி.மீ. வயர் 60 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்காது. எம்சிபியோ 60-ல் விழாமல் நிற்கும்.

வீட்டு எம்சிபி ஏசிக்கானது, அதாவது வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்துக்கானது. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைக் கடக்கும், எனவே தொடர்பு பிரியும்போது எழும் தீப்பொறி தானே அணையும். பேட்டரி தரும் டிசி (ஒரே திசை மின்சாரம்) பூஜ்யத்துக்கு வருவதில்லை, பொறி நீண்டு நின்று எரியும். உறையில் டிசி வோல்ட் அளவு அச்சிட்டிராத எம்சிபியைப் படகில் போடாதீர்கள். படகுக்கென்றே வரும், ஈரம் புகாத டிசி பிரேக்கரை வாங்குங்கள். அதில் பேட்டரிப் பக்கம், மோட்டர் பக்கம் என்று குறித்திருந்தால் மாற்றிப் போடாதீர்கள். படகில் பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் பொறி வெளியே வராத வகையாகப் பாருங்கள்.

இடம் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகில். அமெரிக்கப் படகுத் தரநிலையான ஏபிஒய்சி பொதுவாகச் சொல்வது 7 அங்குலத்துக்குள், ஏறக்குறைய 18 செ.மீ. உங்கள் எம்சிபி மோட்டர் பக்கம் இருப்பதால் 4 மீட்டர் வயருக்கு ஷார்ட்டிலிருந்து பாதுகாப்பே இல்லை. நடுவில் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், அந்த மின்னோட்டம் எம்சிபி வழியாகவே போகாது.

பேட்டரி லித்தியம் என்றால் ஷார்ட்டில் சில ஆயிரம் ஆம்பியர் வரை பாயலாம். சிறிய பிரேக்கர் அதை முறிக்காமல் உருகி ஒட்டிக்கொள்ளக்கூடும். அதற்கு முன்னால், பேட்டரிக்கு ஒட்டி ஒரு கிளாஸ்-டி (Class T) பியூஸ் போடுவது நல்லது. அது 20,000 ஆம்பியர் வரை முறிக்கும். பேட்டரிக்குள் அதைக் காக்க இருக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகை 50 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து கொடுக்குமா என்பதையும் பாருங்கள்.

அப்புறம் மூட்டுகள். நல்ல வயர் போட்டவர்களும் தடுக்கி விழுவது இங்கேதான். தளர்ந்த ஒரு லக்கில் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) நூறில் ஒரு ஓம் தடை இருந்தாலே, 50 ஆம்பியரில் அரை வோல்ட் போகும், 25 வாட் வெப்பம் அந்த ஒரே புள்ளியில் சேரும். அளவுக்கேற்ற லக்கைச் சரியான கிரிம்பிங் கருவியால் நசுக்கி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். வெறும் சாலிடரை நம்பாதீர்கள், சூட்டில் இளகும்.

வேலை முடிந்ததும் படகைக் கட்டிவைத்து, விசிறியைத் தண்ணீருக்குள் விட்டு முழு வேகத்தில் ஓட்டுங்கள். மல்டிமீட்டரில் பேட்டரி முனையிலும் மோட்டர் முனையிலும் வோல்ட் பாருங்கள். வித்தியாசம் 0.4-ஐத் தாண்டினால் ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் மீட்டரின் முனைகளை வையுங்கள். அதிக வோல்ட் காட்டும் மூட்டைக் கழற்றி மறுபடி செய்யுங்கள்.