கேள்வி-பதில்: வீட்டு நாஸ் சர்வரில் கோப்புகளின் காப்பி ஏன் ஊர்கிறது?

கேள்வி: பழைய ஐ3 டெஸ்க்டாப்பில் ஓபன்மீடியாவால்ட் என்ற மென்பொருளைப் போட்டு, 4 டிபி ஹார்டு டிஸ்க் மாட்டி நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் கணினி) அமைத்திருக்கிறேன். விண்டோஸ் கணினியிலிருந்து பெரிய வீடியோவை ஏற்றினால் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் போவதில்லை. ராம் 4 ஜிபிதான் இருக்கிறது. 16 ஆக்கினால் சரியாகுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: ராமில் காசைப் போடாதீர்கள். 11 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்; 100 மெகாபிட் இணைப்பை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். பாக்கெட் தலைப்புகளுக்குப் போவது போக 11 முதல் 12 வரை மிஞ்சும். கிகாபிட் இணைப்பாக இருந்தால் விண்டோஸ் 110-ஐ ஒட்டிக் காட்டும். ஆகவே உங்கள் பாதையில் ஏதோ ஓர் இடம் 100 மெகாபிட்டில் நிற்கிறது. எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், ஈத்தர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு என்ன என்று பாருங்கள். சர்வரில் ஈத்டூல் கட்டளைக்கு லேன் கார்டின் பெயரைக் கொடுத்தால் இதே தகவல் வரும். இரண்டில் எந்தப் பக்கம் 100 என்று வருகிறதோ, அந்தப் பக்கத்து கேபிள், போர்ட், கார்டு மூன்றையும் சந்தேகியுங்கள். இரண்டு பக்கமும் 100 என்றால் பெரும்பாலும் ரௌட்டர்தான். பெட்டியில் 'ஏசி1200' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது வைஃபை வேகம். அதே ரௌட்டரின் பின்னால் இருக்கும் லேன் போர்ட்கள் 100 மெகாபிட்டாக இருப்பது மலிவு ரௌட்டர்களில் சர்வசாதாரணம். ஃபைபர் இணைப்போடு தரும் பெட்டிகள் சிலவற்றில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100.

இதற்காக ரௌட்டரை மாற்ற வேண்டியதில்லை. 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று, ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும், வாங்கி, கணினியையும் நாஸையும் அதில் செருகுங்கள். ஸ்விட்சிலிருந்து ரௌட்டருக்கு ஒரு கேபிள் போதும். இரண்டுக்கும் இடையிலான காப்பி ஸ்விட்சுக்குள்ளேயே முடிந்துவிடும், ரௌட்டர் பக்கம் போகாது.

போர்ட் கிகாபிட்டாக இருந்தும் 100 காட்டினால் கேபிளைப் பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி பிடிக்கவில்லை என்றால் கார்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. நீங்களே கிரிம்ப் செய்வதானால் இரு முனையிலும் இந்த வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

கேபிள் வாங்கும்போது கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். கேட் 6 என்று எழுதியிருந்தும் உள்ளே அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியாக இருந்தால் வேண்டாம். இத்தகைய கம்பி கேட் 5இ, கேட் 6 தரங்களுக்குள் வராது. கம்பியை பிளேடால் சுரண்டுங்கள்: உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். கடைக்காரர் 'காப்பர்தான் சார்' என்று சொன்னால் பில்லிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வேகம் ஏறாவிட்டால், விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் 'ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்' 100 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அது ஆட்டோவில் இருக்க வேண்டும்.

*

கேள்வி: கிகாபிட் எல்லாம் சரி. காப்பி 110-இல் தொடங்கி, 40, 50 ஜிபி போன பிறகு 20-க்கு விழுகிறது. சில நேரம் பூஜ்யத்தில் நின்று மறுபடி ஓடுகிறது. டிஸ்க் புதிது, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழுதா? கடையில் மாற்றித் தருவார்களா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பழுது அல்ல, பெரும்பாலும் எஸ்எம்ஆர் டிஸ்க். ஹார்டு டிஸ்கில் எழுதும் தலை, படிக்கும் தலையைவிட அகலமான தடம் கேட்கும். அதனால் தடங்களை ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி எழுதினால் அதே தட்டில் கூடுதல் தகவல் அடங்கும். இதுதான் எஸ்எம்ஆர். ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். இந்தச் சுமையை மறைக்க, டிஸ்கின் ஒரு பகுதியைச் சாதாரண முறையில் வைத்து, வருவதை முதலில் அங்கே கொட்டி, ஓய்வு நேரத்தில் இடம் மாற்றும். அந்தப் பகுதி நிரம்பும்வரை வேகம் நன்றாக இருக்கும். நிரம்பிய பிறகு நீங்கள் பார்ப்பதுதான்.

உறுதி செய்ய மூன்று சோதனைகள். ஒன்று, அதே டிஸ்கிலிருந்து 50 ஜிபி படியுங்கள். படிப்பது சீராக ஓடி எழுதுவது மட்டும் விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டு, வேகம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஓரிரு ஜிபியிலேயே விழுந்தால் அது சர்வரின் ராம் நிரம்பியது. டிஸ்க் தொடக்கத்திலிருந்தே மெதுவாகத்தான் எழுதிக்கொண்டிருந்தது என்று பொருள். மூன்று, டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கை. 197-ஆம் எண்ணில் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் படிக்க முடியாத செக்டார்கள் உள்ளன, அது நிஜமான பழுது. 199 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள் கெட்டது. ஐம்பது, நூறு ரூபாய் கேபிளுக்காக டிஸ்கைத் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால் எஸ்எம்ஆரா, தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சாதாரண சிஎம்ஆரா என்று தெரியும். பெட்டியில் தேடிப் பயனில்லை. 2020-இல் டபிள்யூடி ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் இருப்பது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. நாஸுக்கு என்றே விற்ற வரிசை அது. அதன்பிறகுதான் நிறுவனம் பட்டியல் வெளியிட்டு, சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தது. சீகேட்டில் ஐயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர். பாரகூடா வரிசையின் 4, 8 டிபி 3.5 அங்குல டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் உண்டு. பையில் வைக்கும் 2.5 அங்குல எக்ஸ்டெர்னல் டிஸ்க்குகள் 1 டிபிக்கு மேல் பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான்.

மாற்றித் தருவார்களா என்றால், ஆன்லைனில் வாங்கித் திருப்பும் கெடு இன்னும் முடியவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள், அதுதான் சுலபம். கெடு முடிந்திருந்தால் வழக்கு பலவீனமானது. தயாரிப்பாளர் தளத்தில் விவரம் இருக்கிறது என்று அவர்கள் கையைக் கழுவலாம். ஆனால் விற்பனைப் பக்கத்தில் சிஎம்ஆர் என்று போட்டு எஸ்எம்ஆர் வந்திருந்தால் கதையே வேறு: அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் ரூபாய்க்குள் விலை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது.

கையில் தங்கிவிட்டால் அந்த டிஸ்கைப் படம், பாட்டு வைக்கவும் பேக்கப்புக்கும் தனியாகப் பயன்படுத்துங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டிலோ இசட்எஃப்எஸ்ஸிலோ சேர்க்க வேண்டாம். ஒரு டிஸ்க் போய் மாற்று டிஸ்கை நிரப்பும் நேரத்தில் நாள்கணக்கில் இழுத்து, பதில் வரவில்லை என்று கட்டமைப்பே அதை வெளியே தள்ளிவிடலாம்.

*

கேள்வி: ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியில் 2 டிபி போர்ட்டபிள் டிஸ்க். 35 எம்பியைத் தாண்டவில்லை.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 35 முதல் 40 என்றால் யுஎஸ்பி 2. டிஸ்கைக் கறுப்பு போர்ட்டில் செருகியிருப்பீர்கள், நீல போர்ட்டுக்கு மாற்றுங்கள். அங்கும் அப்படியே இருந்தால் கேபிள் பழையது. எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை 'டி' விருப்பத்தோடு ஓட்டினால் 480எம் என்றோ 5000எம் என்றோ வரும். 5000 வர வேண்டும்.

அதற்குப் பிறகும் குறைந்தால் டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருக்கிறதா பாருங்கள். பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் பையின் பிராசஸரைத் தின்றுவிடும். டாப் கட்டளையில் அதன் பெயர் உச்சியில் நின்றால் அதுதான் குற்றவாளி. தகவலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ் நெட்வொர்க் வழியாகத்தான் படிக்கிறது, அதனால் ஃபார்மேட் மாறுவது அதற்குத் தெரியாது. குறியாக்கம் செய்து அனுப்பும் எஸ்எஃப்டிபி வழியாகக் காப்பி செய்யும் பழக்கமிருந்தால் விட்டுவிடுங்கள். பை 4 சிப்பில் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கு வன்பொருள் உதவி இல்லை (பை 5-இல் உண்டு). சர்வரின் ஃபோல்டர்களை விண்டோஸுக்குக் காட்டும் மென்பொருளான சம்பாவின் பகிர்வே வேகம்.

உங்களிடம் இருப்பது பை 4 அல்ல, 3பி+ என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதன் 'கிகாபிட்' போர்ட்டும் டிஸ்க்கும் ஒரே யுஎஸ்பி 2 பாதையைப் பங்கு போடுகின்றன.

*

கேள்வி: சினிமா 110-இல் போகிறது, புகைப்பட ஃபோல்டர் மட்டும் 5 எம்பி. 40,000 படங்கள்.
— வாசகி, திருச்சி

பதில்: ஒவ்வொரு கோப்புக்கும் திறத்தல், பெயரிடுதல், தேதி பதித்தல், மூடுதல் என்று சர்வருக்குத் தனித்தனியாகப் போய்வர வேண்டும். டிஸ்கின் தலையும் ஒவ்வொன்றுக்கும் நகர வேண்டும். புதிய வன்பொருள் வாங்கித் தீராது. விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையை 'எம்டி:16' சேர்த்து ஓட்டினால் ஒரே நேரத்தில் பதினாறு கோப்புகள் போகும், வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். இல்லையேல் கம்ப்ரஸ் செய்யாத ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பி, சர்வர் பக்கம் பிரியுங்கள். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்ப்பதும் ஒரு காரணம்.

*

கேள்வி: எங்கே தடை என்று ஒரேயடியாகக் கண்டுபிடிக்க முறை உண்டா? இணையத்தில் சொன்ன சம்பா அமைப்பு வரிகளையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு லேன் கார்டை ஒன்றாகக் கட்டலாமா, 2.5 கிகாபிட்டுக்குப் போகலாமா?
— வாசகர், சென்னை

பதில்: போட்ட வரிகளை முதலில் எடுங்கள். குறிப்பாக 'சாக்கெட் ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கி 8192 என்று முடியும் வரி. பழைய காலத்து ஆலோசனை அது. லினக்ஸ் தானே பெரிதாக்கிக்கொள்ளும் பஃபரை 8 கேபியில் பூட்டிவிடும்.

பிறகு நெட்வொர்க்கின் வேகத்தைத் தனியாக அளந்து பாருங்கள். சர்வரில் ஐபெர்ஃப்3 என்ற அளவுக் கருவியை 'எஸ்' விருப்பத்தோடும், கணினியில் 'சி' விருப்பத்தோடு சர்வரின் ஐபி எண்ணைக் கொடுத்தும் ஓட்டுங்கள். பின்பு 'ஆர்' சேர்த்து எதிர்த்திசையில். இரண்டிலும் 940 மெகாபிட் வந்தால் நெட்வொர்க் சுத்தம். ஒரு திசையில் மட்டும் குறைந்தால் கேபிளோ டிரைவரோ. இதில் டிஸ்க் சம்பந்தப்படுவதில்லை. அடுத்து சர்வரிலேயே டிடி கட்டளையால், ராமைவிட இருமடங்கு பெரிய கோப்பை 'எஃப்டேட்டாசிங்க்' சேர்த்து எழுதிப் பாருங்கள்; அந்தச் சொல் இல்லாமல் ஓட்டினால் ராமின் வேகத்தைப் பார்த்து மயங்கிவிடுவீர்கள். இரண்டும் சரியாக இருந்து காப்பி மட்டும் மெதுவாக இருந்தால்தான் சம்பாவையோ பிராசஸரையோ குறைசொல்லலாம். இந்தச் சோதனைகளை வைஃபையில் செய்யாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 8 எம்பி வந்தாலே நல்ல வேகம்.

இரண்டு கார்டைக் கட்டினால் ஒரு கணினியின் ஒரு காப்பி வேகமாகாது. பலர் ஒரே நேரத்தில் எடுக்கும்போதுதான் பயன். 2.5 கிகாபிட் நொடிக்கு 280 எம்பி தரும். ஆனால் தனி ஹார்டு டிஸ்க் 150 முதல் 250 வரைதான் போகும், நிரம்ப நிரம்ப உள்வட்டத்தில் அதில் பாதி. எஸ்எஸ்டியோ, இரண்டு மூன்று டிஸ்க்குகள் சேர்ந்த ரெய்டோ இருந்தால் வாங்குங்கள். அப்போதும் ஸ்விட்ச் உடனே தேவையில்லை: கணினிக்கும் நாஸுக்கும் ஆளுக்கொரு 2.5 கிகாபிட் கார்டு, நடுவே நேரடியாக ஒரு கேட் 5இ கேபிள், இரண்டு முனைக்கும் வீட்டு நெட்வொர்க்கில் இல்லாத வரிசையில் ஐபி எண். பாக்கெட்டின் அளவைப் பெரிதாக்கும் ஜம்போ ஃப்ரேமைத் தொட வேண்டாம். ஒரு முனையில் 9000, மறுமுனையில் 1500 என்று இருந்தால் பிங் போகும், காப்பி தொங்கும்.