கேள்வி–பதில்: 3டி பிரிண்டரும் சோலார் செல்லும்

கேள்வி: சாதாரண 3டி பிரிண்டரில் சோலார் செல்லையே அச்சடிக்க முடியுமா? (பாலிடெக்னிக் மாணவி, கோவை)

பிளாஸ்டிக் இழையை உருக்கும் தலையை வைத்துக்கொண்டு முடியாது. செல்லுக்கு வேண்டிய படலம் அரை மைக்ரான்தான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 0.4 மி.மீ. நாசில் போடும் ஒரு அடுக்கே 100, 200 மைக்ரான் வரும். ஆனால் பிரிண்டரின் நகரும் அச்சுகளும் சூடாகும் தட்டும் அப்படியே உதவும். இழையை உருக்கும் தலையைக் (எக்ஸ்ட்ரூடர்) கழற்றி, பிளவு வழியே திரவத்தைப் பூசும் 'ஸ்லாட்-டை' தலையைப் பூட்டினால், திரவத்திலிருந்தே செய்யக்கூடிய பெராவ்ஸ்கைட் (ஒருவகைப் படிகப் பொருள்), ஆர்கானிக் (கரிமப் பொருள்) செல்களின் படலங்களைப் பூசலாம். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் 2015-இல் இதைச் செய்து காட்டினார்கள்.

தலை என்பது இரண்டு எஃகுத் தகடுகள். நடுவில், பிளவு விடுவதற்கான மெல்லிய தகடு (ஷிம்). அந்தப் பிளவின் வழியே சிரிஞ்ச் பம்ப் மையை, அதாவது செல்லுக்கான பொருள் கரைந்த கரைசலை, தள்ளும். ஈரப் படலத்தின் தடிமன் வேண்டுமா? நொடிக்கு மை வரும் அளவை, பூச்சின் அகலத்தாலும் தலை ஓடும் வேகத்தாலும் வகுங்கள். 13 மி.மீ. அகலம், நொடிக்கு 5 மி.மீ. வேகம், 10 மைக்ரான் படலம் என்றால் நிமிடத்துக்கு 39 மைக்ரோலிட்டர் மை போதும். கரைசலில் கனஅளவில் 5 சதவீதம் திடப்பொருள் இருந்தால், காய்ந்தபின் அரை மைக்ரான் மிஞ்சும்.

கெடுவது பெரும்பாலும் மட்டத்தில்தான். தலைக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி சுமார் 100 மைக்ரான். தட்டு ஒரு பக்கம் 50 மைக்ரான் சரிந்தாலே படலம் சீராக வராது. பிரிண்டரோடு வந்த தட்டை நம்பாமல், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இரு ஓரத்திலும் விட்டுப் பாருங்கள். மையைக் குறைத்து வேகத்தைக் கூட்டினால் படலம் கோடுகோடாகப் பிரியும். பெராவ்ஸ்கைட் மெதுவாகக் காய்ந்தால் படிகங்களுக்கு நடுவே ஓட்டை விழும். மேல், கீழ் அடுக்குகள் அதன் வழியே தொட்டு ஷார்ட் ஆகும். அதனால்தான் தலைக்குப் பின்னாலேயே நைட்ரஜன் ஊதுகிறார்கள்.

மையில் ஈய அயோடைடும், தோல் வழியே உடலில் ஏறும் டி.எம்.எஃப். கரைப்பானும் இருக்கின்றன. புகை உறிஞ்சும் கூண்டு உள்ள ஆய்வகத்தில் மட்டுமே செய்யுங்கள். வீட்டு அறையில் வேண்டவே வேண்டாம். ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் அச்சடித்த இணைப்புகளை டி.எம்.எஃப். கரைத்துவிடும். மை படுமிடமெல்லாம் எஃகு, டெஃப்லான், பாலிப்ரொப்பிலீன்தான்.

கேள்வி: சிறிய சோலார் பேனலுக்கு பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழையில் அச்சடித்த தாங்கி மொட்டைமாடியில் வளைந்துவிட்டது. என்ன செய்யலாம்? (வாசகர், மதுரை)

பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கில் இளகும். கோடை நண்பகலில் பேனலின் பின்புறமே அந்தச் சூட்டை எட்டிவிடும். பி.இ.டி.ஜி. என்ற இழை 80 வரை தாங்கும். ஏ.பி.எஸ். அதற்கு மேலும் தாங்கும், ஆனால் வெயிலில் நொறுங்கும். ஏ.எஸ்.ஏ. என்ற இழையை வாங்குங்கள்: 100 டிகிரியை ஒட்டித்தான் இளகும், புற ஊதாவுக்கும் அசையாது. அச்சடிக்கும்போது தாங்கியின் வெளிச்சுவரை நான்கு சுற்று வையுங்கள். இழுவிசை அடுக்குகளின் நீளவாக்கில் விழும்படி படுக்கவைத்து அச்சடியுங்கள். நிற்கவைத்து அடித்தால் காற்று தூக்கும்போது அடுக்கு அடுக்காகப் பிளக்கும். வீட்டுக் கூரைக்கான பெரிய பேனலுக்கு எந்தப் பிளாஸ்டிக்கும் வேண்டாம், அலுமினியமோ துத்தநாகம் பூசிய இரும்போ போடுங்கள்.

கேள்வி: பேனலில் தெரியும் வெள்ளிக் கோடுகளும் அச்சடித்தவையா? (வாசகி, தஞ்சாவூர்)

ஆமாம், ஸ்கிரீன் பிரிண்டிங்தான். வெள்ளிப் பசையை வலை வழியே தேய்த்து, உலர்த்தி, 750–800 டிகிரியில் சில நொடிகள் சுடுவார்கள். பசையிலுள்ள கண்ணாடித் தூள் மேலே இருக்கும் சிலிக்கான் நைட்ரைடு பூச்சை அரித்துக்கொண்டு இறங்க, வெள்ளி சிலிக்கானைத் தொடும். சூடு குறைந்தால் தொடுப்பு பலவீனமாகும். கூடினால் வெள்ளி ஆழ இறங்கி உள்ளே மின்னூட்டங்களைப் பிரிக்கும் சந்தியையே (ஜங்ஷன்) கெடுக்கும்.